நம் சோறும் நாயின் வயிறும்

வீட்டு நாய் ஓயாமல் வாயு விடுகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை என்று யாராவது முகம் சுளித்தால் நான் கேட்பது ஒன்றுதான்: நேற்று அது என்ன சாப்பிட்டது? பெரும்பாலோரால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. நம் வீடுகளில் நாய்க்குச் சோறு வைப்பவர் ஒருவர் அல்லர். காலையில் அப்பா தேத்தண்ணியில் நனைத்த ரொட்டியைப் போடுவார். மதியம் அம்மா மீன் தலையோடு சோற்றைப் பிசைந்து வைப்பார். பிள்ளைகள் முறுக்கை நீட்டுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மிச்சமான ரொட்டி சானாயையும் பருப்புக் கறியையும் வேலிக்கு மேலாகத் தட்டில் கொட்டுவார். எல்லாமே அன்பால் கொடுத்தவை. இரவில் அந்த வயிறு உருளும்போது மட்டும் குற்றம் முழுவதும் நாயின் மேல் விழுகிறது. இது எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டதில்லை.

கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் முன்பெல்லாம் இப்படி ஒரு புகாரே எழுந்ததில்லை. லயத்து வீட்டின் படியோரமும் விறகுக் கொட்டகையும்தான் நாயின் இடம். விடியலில் பெரட்டுக்கு மணி அடித்ததும் அது வேலைக்காட்டுக்கு ஆட்களோடு ஓடும். பால்வாளி திரும்பும் நேரத்தில் தானும் திரும்பும். பாம்பு வந்தால் குரைத்துக் காட்டும். காட்டுப்பன்றி கிழங்குத் தோட்டத்தில் இறங்கினால் விரட்டும். நாள் முழுக்க ஓடிக் களைத்த அந்த நாயின் வயிற்றில் வாயு தங்கவும் இடமில்லை. வெளியேறியதைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

காலம் மாறியது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான் முதன்முதலில். பிறகு கித்தாக் காடுகள் பலவும் செம்பனைக் காடுகளாயின. சில தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் ஆயின. லயங்களில் இருந்த குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. கூடவே வந்த நாய்களுக்கு ஓட இடமில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், இரும்புக் கதவுக்குள், குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் அவை படுக்கின்றன. வயிற்றின் வேலை பழையதுதான். அதைச் சுற்றியிருந்த வெளி மட்டும் சுருங்கிவிட்டது.

என் வீட்டு மணியும் ஒரு தோட்டத்து நாயின் குட்டிதான். கறுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளைத் திட்டு. வளர்ந்த பிறகு அதன் வாயு வீட்டில் ஒரு பேச்சாகவே ஆனபோது, அதற்கு என்ன நேர்கிறது என்று படித்தும் கால்நடை மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். தெரியத் தெரிய அந்த உயிரின் மேல் மதிப்புக் கூடியது.

நாயின் குடலில் சேரும் வாயுவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உணவோடு விழுங்கும் காற்று. மற்றொன்று, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து சேரும் உணவை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் உண்டாவது. ஹைட்ரஜன், கரியமில வாயு, மீத்தேன் ஆகிய இவற்றுக்கு வாசனையே கிடையாது. நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள். வெளியேறும் வாயுவில் அவை 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கந்தகம் நிறைந்த முட்டை, கோபிஸ், அளவுக்கு மீறிய இறைச்சி ஆகியவை உள்ளே போனால் அந்தச் சிறு பங்கு கூடுகிறது. பருப்பு, கடலை, சோயா வகைகளில் உள்ள சில சர்க்கரைகளை நாயின் சிறுகுடலால் உடைக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் நொதிக்கின்றன. குட்டிப் பருவம் தாண்டிய பல நாய்களுக்குப் பாலில் உள்ள சர்க்கரையும் செரிப்பதில்லை. ஆக, சாம்பார் சாதமும் சுண்டலும் தௌஃபுவும் டின்பால் கலந்த தேத்தண்ணியும் சேர்ந்த ஒரு நாள், மணியின் வயிற்றுக்கு மிகக் கடினமான நாள். நாம் சத்து என்று நம்பிக் கொடுப்பவைதான் பெரும்பாலும் அதன் குடலில் காற்றாகின்றன.

இதற்காகச் சோறே நாய்க்கு ஆகாது என்று எண்ண வேண்டியதில்லை. 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளாக இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதை அவர்கள் கண்டார்கள். மனிதனின் அடுப்படியைச் சுற்றி வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அதன் உடல் நம் உணவுக்குத் தக்கபடி மாறிவந்திருக்கிறது. நன்றாக வெந்த வெள்ளரிசிச் சோறு நாய்க்கு எளிதில் செரிப்பது. மற்ற தானியங்களைவிடக் குறைவாகவே வாயு உண்டாக்குவது. தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் விரிந்து கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி. சோற்றின் மேல் நாம் ஊற்றுவதில்தான் தொல்லை இருக்கிறது.

அதில் மிக ஆபத்தானது வெங்காயமும் பூண்டும். தாமானில் மூத்த அம்மா ஒருவர் என்னிடம் அக்கறையோடு சொன்னார்: "தம்பி, நாலு பல்லு பூண்டு தட்டிச் சோத்துல போட்டு வைங்க. வாயு எல்லாம் கலஞ்சி போயிரும்." நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் வயிறு உப்பிய குழந்தைக்கும் பூண்டு, பெருங்காயம், ஓமம் என்றுதானே கைமருந்து? அந்த அறிவை மதிக்கிறேன். ஆனால் அது மனித உடம்புக்கான அறிவு. பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; சமைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. "அம்மா, நமக்கு மருந்து, அதுக்கு நஞ்சும்மா" என்று எடுத்துச் சொன்னேன். கடைகளில் கிடைக்கும் வயிற்று மருந்துகளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இனிப்புக்காகச் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் உயிரையே எடுக்கும்.

மணிக்கு மருத்துவர் சொன்ன வழி எளிமையானது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த தோல் நீக்கிய கோழி, குழைந்த சோறு, அதோடு தரமான நாய்த்தீனி. மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல், பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முடிக்க வேண்டும். திடீர் மாற்றமே வயிற்றைக் கலக்கிவிடும். வயிறு அமைதியான பிறகு எந்தப் புதிய உணவையும் ஒன்றொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். மளிகைக் கடையில் நிறுத்து விற்கும் மலிவான தீனியை வாங்கும்போது அதில் சோயாவும் சோளமும் எவ்வளவு என்று பார்க்க உறையே இருப்பதில்லை. கொஞ்சம் கூடுதல் வெள்ளி போனாலும் உறையில் வருவதை வாங்கிப் படித்துப் பார்ப்பது நல்லது.

உணவு எது என்பதோடு, அது எப்படி உள்ளே போகிறது என்பதும் முக்கியம். தோட்டத்து நாய்களுக்கு வேகமாக விழுங்கும் பழக்கம் உண்டு. ஒரு தட்டைச் சுற்றி ஐந்தாறு நாய்கள் நிற்கும் இடத்தில் மெல்ல மென்றது பட்டினி கிடக்கும். அந்த அவசரம் வசதி வந்த பிறகும் அவற்றை விட்டுப் போவதில்லை. வேகமாகத் தின்னும் நாய் உணவோடு காற்றையும் விழுங்குகிறது. ஷிட்சு, பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மெதுவாகத் தின்றாலும் காற்றை விழுங்குவது அதிகம். ஒரு வேளைச் சோற்றை இரண்டு மூன்றாகப் பிரித்து வைக்கலாம். அகலமான தட்டில் பரப்பி வைக்கலாம். தட்டின் நடுவே, வாய்க்குள் போக முடியாத அளவு பெரிய சுத்தமான கல் ஒன்றை வைத்தால் அதைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் தின்ன முடியும். எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கத்தில் வேறு நாய் இல்லாமல் அமைதியாகத் தின்ன விடுவது. தன் தட்டை யாரும் பறிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை மணிக்கு வந்தபோது அது தின்னும் வேகமே மாறியது.

நடையும் வேண்டும். ஓட்டமும் நடையும் குடலின் அசைவைக் கூட்டி வாயுவை வெளியே தள்ளும். மாலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலைகள் இதற்கு ஏற்றவை. ஆனால் கயிறு கையில் இருக்கட்டும். முனியாண்டி கோயில் பூசை முடிந்து கிடாய்க் கறி விருந்து நடந்த மறுநாள், எலும்பும் குடலும் கிடக்கும் இடத்தை நாயின் மூக்கு எளிதில் கண்டுபிடித்துவிடும். அழுகியதைத் தின்றால் வாயுவும் பேதியும் நிச்சயம். அதைவிட மோசமானது செத்த எலி. செம்பனையில் எலிக்கு வைக்கும் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அந்த எலியைத் தின்னும் நாய்க்கும் அதே கதி நேரலாம்.

நாற்றத்தை மட்டும் குறைக்கவும் வழி தேடியிருக்கிறார்கள். 2001இல் இங்கிலாந்தின் வால்தம் நிலைய ஆய்வாளர்கள், நாய் விடும் வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை அளக்கும் சிறு கருவியை நாய்களுக்கு மாட்டிச் சோதித்தார்கள். மருத்துவக் கரித்தூள், யூக்கா என்ற செடியின் சாறு, ஒரு துத்தநாக உப்பு மூன்றும் கலந்த தின்பண்டம் நாற்றத்தின் கடுமையைக் குறைத்தது. வாயு பிரியும் தடவைகள் குறையவில்லை. இதை வீட்டில் கலக்கிப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த முடிவு சொல்லும் பாடம் தெளிவானது. மணத்தை மறைக்கலாம்; வயிற்றைச் சரிசெய்யத் தட்டைத்தான் மாற்ற வேண்டும்.

எந்த நாற்றமும் வாயுதான் என்று விட்டுவிடவும் கூடாது. மீன் கவிச்சி போன்ற வாடை வந்து, நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் அது ஆசனவாய்ச் சுரப்பியின் சிக்கலாக இருக்கலாம். வாயுவோடு பேதி, வாந்தி, எடைக் குறைவு, மலத்தில் இரத்தம் என்று ஏதாவது சேர்ந்தால் குடற்புழுவோ கியார்டியா என்ற ஒட்டுண்ணியோ கணையக் கோளாறோ இருக்கக்கூடும். மருத்துவரிடம் போகும்போது மலத்தையும் கொஞ்சம் எடுத்துப் போவது உதவும். பெரிய உடம்பும் ஆழமான நெஞ்சும் கொண்ட நாய் திடீரென வயிறு வீங்கி, ஓங்கரித்தும் எதுவும் வெளிவராமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அந்த நிலை சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும்.

நாற்றத்தைத் தாங்காமல் நாயைச் செம்பனைக் காட்டில் இறக்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. வேலைக்காட்டில் ஓடித் திரிந்த நாய்க்கே அங்கே பிழைப்பது கடினம். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்கு அது மரண தண்டனை. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் உணவும் சிகிச்சையும் தர வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம் கடன்தான். லயத்திலிருந்து தாமானுக்கு வந்தபோது நாம் உடுத்துவதும் உண்பதும் உறங்குவதும் மாறின. நாய் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் போன இடத்துக்கு வந்தது, நாம் போட்டதைத் தின்றது. அதனால் அதன் வயிற்றைக் கவனிக்கும் பொறுப்பு நம்முடையது. வீட்டில் யார் சோறு வைப்பது, எதை வைப்பது, எதைக் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது என்று குடும்பம் உட்கார்ந்து ஒருமுறை பேசிக்கொண்டால் போதும். பெரும்பாலான நாய்களின் தொல்லை தீர்ந்துவிடும். தட்டில் இருப்பதை அள்ளிப் போடுவது அன்பின் தொடக்கம். அந்த உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்து கொடுப்பதுதான் வளர்ப்பு.