பனையும் பனிக்கட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. பெயரை நம்பிச் செல்வோர் அங்கே காண்பது கேணியும் கடலுமே. சுண்ணக்கல்லின்மேல் அமைந்த சமநிலம் இது. ஆயினும் ஏறும் கலையில் இந்நாட்டார் எவருக்கும் இளைத்தவரல்லர். அவர்கள் ஏறுவது பனை.

பாறை ஏறுகிறவன் பிடியைத் தேடுகிறான். விரல் நுழையும் வெடிப்பும் பெருவிரல் பதியும் விளிம்பும் பாறையிலேயே இருக்கின்றன. அவனே உறைந்த அருவியொன்றில் முதன்முதலாக ஏற முற்பட்டால் திகைத்துப் போவான். அங்கே பிடியை ஏறுகிறவனே கொண்டுசெல்ல வேண்டும். முற்காலத்தில் கோடரியால் பனிக்கட்டியில் படி வெட்டி ஏறினர். 1908இல் ஆஸ்கார் எக்கென்ஸ்டைன் என்னும் ஆங்கிலேயர், சப்பாத்தின் அடியிற் கட்டும் பத்து முள் இரும்புச் சட்டமொன்றை அமைத்தார். பின்னர் முன்புறம் நீட்டிய முட்களும், இரு கைகளுக்கும் குறுங்கோடரிகளும் வந்தன. 2015 சனவரியில் கனடா நாட்டு வில் காட் என்பவர் நயாகராவின் உறைந்த ஓரத்தில் ஏறியது இவற்றின் துணை கொண்டே.

நம்மவரின் தளைநாரும் அவ்வகைக் கருவியே. நாரால் ஆன வளையத்தை இரு பாதங்களிலும் மாட்டி, மரத்தை உள்ளங்கால்களால் நெருக்கி, கைகளால் தழுவி நிமிர்ந்து, மீண்டும் கால்களை மேலே இழுக்க வேண்டும். பாரம் முழுதும் காலில்.

பாறையேற்றம் பழகிய நானும் வடமராட்சியில் ஒருநாள் தளைநார் பூண்டேன். என் விரல்கள் பழக்கத்தால் கருஞ்செதில்களிடையே பிடி தேடின. கீழே நின்ற முதியவர், “தம்பி, கையால ஏறாதேங்கோ, காலை நம்புங்கோ!” என்றார். இரண்டு ஆள் உயரம் சென்றேன், மார்பு சிராய்த்தது, இறங்கிவிட்டேன்.

பனையோ முப்பது மீற்றர் வரை வளரும். சீவற்றொழிலாளி காலையும் மாலையும் பல மரங்கள் ஏறுகிறார். உச்சியில் மட்டைகளிடையே நின்று பாளையின் நுனியைச் சீவி முட்டியைக் கட்ட வேண்டும். உள்ளே சுண்ணாம்பு தடவிய முட்டியில் ஊறுவது கருப்பநீர், தடவாததில் கள். நாம் தேநீருடன் கடித்துக்கொள்ளும் பனங்கட்டி அக்கருப்பநீரைக் காய்ச்சியதே. பனிக்கட்டி ஏறுகிறவனுக்குக் கீழே தோழன் ஒருவன் கயிறு பிடித்து நிற்பான். இவருக்கு அக்கயிறும் இல்லை. மழையில் நனைந்த மரம் வழுக்கும். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் உண்டு.

2009இல் முடிந்த போரில், பதுங்குகுழிகளுக்கென எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. மரத்தை மீண்டும் நடலாம். பாளை விடப் பதினைந்து ஆண்டளவு பொறுத்திருக்கவும் செய்யலாம். ஏறுகிறவரை எங்கே தேடுவது? பிள்ளைகள் இத்தொழிலை விட்டு விலகுகின்றனர். அவர்கள்மீது குறை கூற எனக்கு மனமில்லை. ஆபத்தோடு இழிவையும் சேர்த்தல்லவா நம் சமூகம் அவர்களுடைய தந்தையருக்குக் கூலியாகக் கொடுத்தது?

பாளை விடும் காலத்தில் பச்சிலைப்பள்ளிப் பக்கம் விடியற்காலையிற் செல்லும் மாணவர்கள், இன்றும் ஏறுகிறவர் சிலரைக் காணலாம். சற்றே நின்று அவர்களுடைய கால்களைக் கவனியுங்கள்.