ஸோங்-கோல் ஏரியும் குதிரைக் கூடாரமும்

மத்திய ஆசியாவிலே, தியான்-ஷான் மலைத் தொடரின் நடுவே, கிர்கிஸ்தான் என்னும் சிறு தேசம் இருக்கிறது. அங்கே சமுத்திர மட்டத்திற்குச் சுமார் 9,900 அடி உயரத்தில், 18 மைல் நீளமும் 11 மைல் அகலமும் கொண்ட ஓர் ஏரி பரந்து கிடக்கிறது. அதன் பெயர் ஸோங்-கோல். கரையில் நிழலுக்கென்று ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. அதன் மேல் கூட்டங்கூட்டமாய்க் குதிரைகள். அவற்றுக்கு அப்பால் பனி மூடிய சிகரங்கள்.

குளிர் காலத்தில் ஏரி உறைந்து விடும். ஜூன் மாதம் பிறந்ததும் இடையர்கள் ஆடு மாடு குதிரைகளுடன் குடும்பமாக மலையேறி வருவார்கள். செப்டம்பரில் இறங்கிப் போவார்கள். இந்தக் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு அவர்கள் பாஷையில் 'ஜைலூ' என்று பெயர்.

மோட்டார் செல்லும் பாதையும் உண்டு. ஆயினும் ஏரிக்குப் போவதற்கு உகந்த வாகனம் குதிரைதான். கிஸார்ட் கிராமத்தில் சேணமேறி, முதல் இரவைக் கிலெம்சே மேய்ச்சல் வெளியில் கழித்து, மறுநாள் ஏறக்குறைய 11,000 அடி உயரமுள்ள கணவாயைக் கடந்தால் நீல நீர்ப்பரப்பு திடீரென்று காட்சி தரும். கிர்கிஸ் குதிரை உருவத்தில் சிறியது, உறுதியில் பெரியது. 'சூ' என்று அதட்டினால் நடக்கும். செங்குத்தான இறக்கத்தில் கடிவாளத்தைச் சற்றுத் தளர விட்டால், காலடியைத் தானே பார்த்து வைக்கும். வழிகாட்டியின் புத்திமதியும் இதுவேதான்: "குதிரைக்குப் பாதை தெரியும்; நீங்கள் சேணத்தில் நேராக உட்கார்ந்தால் போதும்!"

இரவு தங்குவது 'போஸ்-உய்' என்னும் வட்டக் கூடாரத்தில். பின்னிய மரச் சட்டங்களே சுவர். ஆட்டு ரோமத்தை அமுக்கிச் செய்த கம்பளமே போர்வை. சில மணி நேரத்தில் பிரித்து விலங்குகளின் முதுகில் ஏற்றி விடலாம். வாசலுக்கு எதிரேயுள்ள இடம் விருந்தினருக்குரிய கௌரவ ஸ்தானம். சாணி வறட்டி எரியும் அடுப்பருகே ரொட்டியும் பாலாடையும் தேநீரும் வரும். பிறகு குதிரைப் பாலைப் புளிக்க வைத்த 'கிமிஸ்' வரும். நமது மோரைப் போன்ற புளிப்புத்தான்; ஆனால் இலேசான மயக்கமும் கலந்தது. மதுவிலக்கு அன்பர்கள் தேநீரோடு நிறுத்திக் கொள்வது உசிதம்!

இந்த எளிய வாழ்வை அந்த ஜனங்கள் இலகுவாகக் காப்பாற்றி விடவில்லை. 1916-ல் ஜார் அரசாங்கம் யுத்த வேலைக்குக் கட்டாயமாக ஆள் பிடித்தபோது அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்குமுறைக்குத் தப்பி, உறைபனிக் கணவாய்கள் வழியே சீனாவுக்கு ஓடியபோது மாண்டவர் எண்ணற்றோர். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் ஆட்சி மந்தைகளைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்து, நாடோடிகளை ஒரே இடத்தில் குடியமர்த்தியது. 1991-ல் சுதந்திரம் வந்தது. மறு ஆண்டு ஏற்றிய தேசியக் கொடியில் அவர்கள் பொறித்தது வாளுமன்று, கிரீடமுமன்று. கூடாரத்தின் உச்சி வளையமாகிய 'துந்துக்'. ஒரு காலத்தில் கொடியிலே ராட்டையைத் தாங்கிய நமக்கு இதன் பொருள் விளங்காமற் போகுமா?

கூட்டுப் பண்ணைகள் கலைந்த பின், வறுமையுற்ற இடையர் குடும்பங்கள் பிரயாணிகளைத் தங்கள் கூடாரத்திலேயே வரவேற்று, தங்கள் குதிரைகளையே வாடகைக்குத் தரலாயின. விருந்தோம்பலே ஜீவனோபாயமாயிற்று, பணமும் கிராமத்திலேயே தங்குகிறது. 2009-ம் வருஷத்துச் சட்டம் மேய்ச்சல் நிலங்களின் நிர்வாகத்தைக் கிராமத்துக் குழுக்களிடம் ஒப்படைத்தது. 2011-ல் இந்த ஏரி சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நீர்நிலைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

எனினும் ஆபத்து நீங்கி விடவில்லை. அந்த உயரத்தில் புல் வளரும் காலம் மிகக் குறுகியது. மோட்டார் சக்கரம் கிழித்த புல்தரை ஆற வருஷங்கள் பல ஆகும். மந்தை அளவுக்கு மிஞ்சினாலும் நிலம் மொட்டையாகும். புல் போனால் குதிரை போகும். குதிரை போனால் கூடாரம் போகும். அப்புறம் கொடியிலுள்ள வளையம் வெறும் சித்திரமாகவே மிஞ்சும். ஆகையால் ஸோங்-கோலுக்குப் போகும் பாக்கியம் பெற்றவர்கள் குதிரையேறியே போகட்டும். அது உல்லாசம் மட்டுமல்ல. ஒரு ஜாதியின் சுயமரியாதைக்கு நாம் செய்யும் சிறு உதவியுமாகும்.