பில் பாஸாகும் வரையில்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் சாலையில், பெரிய ஆலைகளின் மதிற்சுவர்கள் முடிந்து தகரக்கூரை ஷெட்டுகள் தலைகாட்டும் பகுதியில், நான் கணக்கெழுதிக் கொடுக்கும் பட்டறைகள் சில இருக்கின்றன. இன்று அவற்றில் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்துப் பொரியும் கடலையும் வழங்கினார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் செப்டம்பர் 17 அன்றே விஸ்வகர்மா பூஜையை முடித்துவிட்டபடியால், ஒரே யந்திரத்துக்கு வருஷத்தில் இரண்டு பூஜை கிடைப்பது இப்பிரதேசத்தின் விசேஷம் என்று சொல்லலாம்.

பூஜை முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பிரஸ் பட்டறைக்காரர், "சார், ஜூலை மாசத்துப் பில் இன்னும் பாஸாகலை" என்றார். அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் பல வருஷம் உழைத்து, சேமிப்பைக் கொட்டிப் பழைய பவர் பிரஸ் ஒன்றை வாங்கி இங்கே வந்தவர் அவர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பமானதும், 2010-இல் ரெனோ-நிஸானும் 2012-இல் டெய்ம்லரும் ஒரகடத்தில் ஆலை திறந்ததும் நாடறிந்த செய்திகள். அவ்வாலைகளிலிருந்து வெளிவரும் வண்டியின் உள்ளே, கண்ணுக்குப் படாத இடத்தில் திருகப்பட்டிருக்கும் ஒரு சிறு ப்ராக்கெட், இரண்டு மூன்று கம்பெனிகளின் கை மாறி இப்படிப்பட்ட ஷெட் ஒன்றிலிருந்து போயிருக்கக்கூடும் என்பதுதான் எவருக்கும் செய்தியாகத் தோன்றுவதில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். பட்டறைக்காரர் கொடுத்தார், ஓவர்டிராப்ட் கணக்கின் எல்லை அத்துடன் தீர்ந்தது.

தொழில் ஆரம்பிப்பதற்கு இந்நாட்டில் வழியில்லை என்று இனி யாரும் குறைப்பட முடியாது. 1949 முதல் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் கடன் கொடுத்து வருகிறது. 'நீட்ஸ்' திட்டத்தில் முதலீட்டின் கால் பங்கு மானியமாகக் கிடைக்கிறது. 2015-இல் வந்த முத்ரா திட்டம் ஜாமீன் கேட்பதில்லை. மாவட்டத் தொழில் மையத்தின் படிகளில் ஏறி, பயிற்சி முடித்து, திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்து மெஷின் வாங்கிவிட்ட இளைஞர்கள் எத்தனையோ பேரை நான் அறிவேன். ஏழை நாடுகளில் சிறு கடன் கொடுப்பதே பெரிய தர்மம் என்று உலகம் கொண்டாடி, பங்களாதேசத்தின் முகமது யூனுஸுக்கும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் 2006-இல் நோபல் பரிசும் அளித்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும் எங்கள் பட்டறைக்காரருடைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால், வங்கி அவருக்குக் கொடுத்த கடனைக் காட்டிலும், அவர் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்து வைத்திருக்கும் கடன் அதிகமாக இருக்கிறது. அவர் வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. கொடுத்த கடனுக்குக் கிடையாது.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டபோது, உத்தியோகம் இழந்த தொழிலாளரைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், அது நியாயம்தான். அவர்களை ஏற்றி இறக்கிய வேன்காரரும், சாப்பாடு போட்ட மெஸ்காரரும், அறை கட்டி வாடகைக்கு விட்டவரும் தவணையில் வாங்கிய கடனோடு நின்றதைப் பற்றி எழுதியவர் சிலரே. அவ்வளாகத்தில் பின்னர் சால்காம்ப் வந்து சார்ஜர் செய்யத் தொடங்கியது. இடைப்பட்ட வருஷங்களுக்கான தவணையை எந்த வங்கியும் மறந்துவிடவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பட்டறைக்காரரோடு இன்று மாலை வெகுநேரம் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டம் படிப்பதற்கு வெகு கம்பீரமானது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்துமூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் அசலோடு சேரும் கூட்டு வட்டி. பாங்க் ரேட் இன்று 5.75 சதவீதம் ஆகையால் வட்டி 17.25 சதவீதம் ஆகிறது. வசூலுக்கென்றே தனி மன்றம் உண்டு. அது கொடுக்கும் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இதைவிட வலுவாக ஒரு சட்டத்தை எழுதுவது கஷ்டம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மனு போட்டா வட்டி வரும் சார், அடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் வருமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய பிரஸ்ஸில் ஏறும் டை சரக்கை வாங்கும் கம்பெனியின் சொத்து. ஒரு நாள் லாரி அனுப்பி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனால், அதே ப்ராக்கெட்டை அடுத்த ஷெட்காரர் மறுநாளே அடித்துக் கொடுத்துவிடுவார். சட்டம் கடன் கொடுத்தவனைப் பார்த்து, 'நீ கை தூக்கினால் நான் வருகிறேன்' என்கிறது. கை தூக்குகிறவன் பிழைப்பை இழக்கிறான். மேலும், நேரடியான மறுப்பு என்பது இவ்விவகாரத்தில் அநேகமாக நிகழ்வதே இல்லை. முதலில் சரக்கு வரவுச் சீட்டான ஜி.ஆர்.என். போடவில்லை என்பார்கள், பிறகு குவாலிட்டியில் நிற்கிறது என்பார்கள், அப்புறம் ஒரு சிறு ரிஜெக்ஷனுக்கு டெபிட் நோட் வரும், அது தீர்ந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பார். சரக்கில் குறையிருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் சொல்கிறவர் யார்? எல்லாம் போனில்தான்.

2023-இல் பாராளுமன்றம் வேறொரு மார்க்கத்தைக் கண்டுபிடித்தது. அதை நான் மெச்சுகிறேன். குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டியதை உரிய காலத்துக்குள் தராத கம்பெனி, உண்மையில் பணம் கொடுக்கும் வருஷம் வரையில் அத்தொகையைச் செலவாகக் காட்டி வருமானவரியில் கழிக்க முடியாது என்று வருமானவரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்தார்கள். இங்கே சிறியவன் வாய் திறக்க வேண்டியதில்லை, ஆடிட்டரே கேட்டுவிடுவார். அது அமலுக்கு வந்த வருஷ முடிவில், மார்ச் மாதத்தில், பழைய பாக்கிகள் மளமளவென்று தீர்ந்ததை என் கணக்குகளிலேயே கண்டேன். ஆனால் ஏப்ரலில் ஏற்படும் தாமதத்தை மார்ச்சில் சரிசெய்துவிட்டால் வரியில் நஷ்டம் ஒன்றுமில்லையாதலால், வருஷத்தின் மற்ற மாதங்கள் பழைய மாதங்களாகவே இருக்கின்றன. பில்லை ஏலத்தில் வைத்து வங்கியிடம் உடனே பணம் பெறும் 'டிரெட்ஸ்' ஏற்பாட்டிலும் இதே கதைதான். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச்சுக்குள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்றார்கள். ஆனால் வந்த பில்லை அதில் ஏற்றுக்கொண்டே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை விதிக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு இரண்டு நாள். போனஸ் சட்டம் சொல்லும் 8.33 சதவீதம் என்பது, கணக்கிட்டுப் பார்த்தால், வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். பீகார்ப் பையன்கள் சட் பூஜைக்கு ஊர் போகிறவர்கள்; ரயில் சார்ஜும் முன்பணமும் கேட்டார்கள். பட்டறைக்காரர் மனைவியின் வளையல்கள் படப்பை அடகுக்கடைக்குப் போயின. "மீட்டுடலாம் சார்" என்று சிரித்தார். ஸ்வீட் பெட்டியும் கொடுத்துத்தான் அனுப்பினார். அவ்விஷயத்தில் அவருக்கு ஒரு கௌரவம்.

அக்டோபர் 25, சனி

ஜி.எஸ்.டி. கட்டக் கடைசி நாள். வழக்கமான 20-ஆம் தேதி தீபாவளியாக அமைந்ததால் இன்று வரை தள்ளி வைத்திருந்தார்கள். வாகன பாகங்களுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது செப்டம்பர் 22 முதல்தான். ஆகவே பட்டறைக்காரரின் செப்டம்பர்க் கணக்கில் முதல் மூன்று வாரத்துப் பில்லுக்கு 28, கடைசி வாரத்துக்கு 18 என்று பிரித்து எழுதினேன். 4 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 28 வீதம் வரி 1,12,000; அதற்காக வாங்கிய இரண்டரை லட்ச ரூபாய்த் தகட்டுக்குச் செலுத்திய 45,000-ஐக் கழித்தால், கையிலிருந்து 67,000. அந்தச் சரக்குக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை. வரவில்லை என்பது வரி கட்டாமலிருக்கக் காரணம் ஆகாது. இனி 18 வீதம் என்றால் இதே சரக்குக்கு 27,000தான் என்பது உண்மையான நிவாரணம். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்துக்கு என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பில் எந்த நாளில் போடப்பட்டது என்பது ஜி.எஸ்.டி. கணக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. யாருக்குப் போடப்பட்டது என்பதும் ஏறியிருக்கிறது. விற்றவர் சிறுதொழில்காரர் என்பது உத்யம் பதிவில் இருக்கிறது. 46-ஆம் நாள் சட்டம் சொல்லும் அந்த மும்மடங்கு வட்டி, யாரும் மனுப் போடாமல், வாங்கியவர் கணக்கில் தானே ஏறும்படி செய்வதற்கு வேண்டிய விவரங்களில் பெரும்பகுதி இவையே.

அதுவரையில், ஏதேனும் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் கணக்குப் பிரிவில் அமர்ந்து இதைப் படிக்கிறவர் இருந்தால், அவருக்கு ஒரு வேண்டுகோள்: திங்கட்கிழமை காலை உங்கள் மேசையில் தேங்கியிருப்பவற்றில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று சிறிய தொகையாக உள்ள பில்களை முதலில் எடுத்துப் பாஸ் செய்யுங்கள். ஏழாம் தேதி வருகிறது.