தண்ணியில கண்டம்

எனக்குத் தண்ணியில கண்டம். ஜாதகத்திலேயே இருந்ததா, அம்மாவாகச் சேர்த்துக்கொண்டதா என்று நான் கேட்டதில்லை. நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் பெரியப்பா மகன் கண்மாயில் போனான். அதற்கு முன்னால் இந்தக் கண்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதாக ஞாபகம் இல்லை.

மதுரையில் தண்ணீரைத் தொடாமல் வளர்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. எங்கள் ஆறு வருஷத்தில் பாதி நாள் மணலும் ஆகாயத்தாமரையும்தான். அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் குற்றாலம் போனபோது செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். வேலைக்குப் போன பிறகு டீம் அவுட்டிங்கில் எல்லோரும் நீச்சல் குளத்தில் குதிக்க, பதினோரு மொபைல்களுக்குக் காவல் இருந்தேன். "சைனஸ் ப்ரோ" என்பேன். முப்பத்து நான்கு வயதில் கண்டம் என்று சொல்ல வாய் வருமா?

தை மாதம் கல்லூரி நண்பன் போன் செய்தான். மானாமதுரைக்காரன். "மாப்ள, வைகை கூடவே நடந்து கடலுக்குப் போவமா?" அப்போது இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருந்தேன். லீவு கேட்க ஆளில்லை. சரி என்றேன். நடக்கத்தானே போகிறோம்.

கூகுள் மேப்பில் வைகை ஒரே நீலக் கோடு. நேரில் அந்தக் கோடு பல நிறம். விரகனூர் மதகணை வரை நகரத்தின் சாக்கடை. அதைத் தாண்டிச் சிலைமான், கீழடி, திருப்புவனம் பக்கம் தென்னந்தோப்பு. மானாமதுரையில் நண்பன் வீட்டில் ஒரு ராத்திரி. அவன் தெருவில் கடம் தட்டிப் பார்க்கும் சத்தத்தில் விழித்தேன். பரமக்குடிக்குப் பிறகு ஆற்றுக்குள்ளேயே சீமைக்கருவேலம் காடாக நின்றது. முள்ளுக்குப் பயந்து கரையில் ஏறுவோம், பாதை தீர்ந்துபோய் மறுபடி மணலில் இறங்குவோம். ஐந்தாம் நாள் சத்திரக்குடி தாண்டும்போது என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

வருஷநாட்டு மலையில் கிளம்பி 258 கிலோமீட்டர் வருகிற ஆறு, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நின்றுகொள்கிறது. வெள்ளக் காலத்தில் மிச்சம்தான் ஆற்றங்கரை பக்கம் கடலைப் பார்க்கும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலிடம் நான் போவேனா என்று வைகை நின்றுவிட்டதாக ஒரு பழைய பாட்டு உண்டு. புலவருக்கு அது ரோஷம். எனக்கென்னவோ அது கணக்கு. வழியெங்கும் கால்வாய், கால்வாய்க்குக் கண்மாய், கண்மாய்க்கு வயல் என்று பிரித்துக் கொடுத்தபடியே வருகிற ஆற்றிடம் கடைசியில் என்ன இருக்கும்?

பெரிய கண்மாய்க் கரையில் உட்கார்ந்துதான் நண்பனிடம் முதன்முதலாக அதைச் சொன்னேன்.

கண்மாய்க்குள் இறங்குவது ஒரு படிப்பு. கரையை ஒட்டி, மடை பக்கம்தான் ஆழம். உள்வாயை நோக்கிப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். கோடையில் அதே தரையில் கிரிக்கெட் ஆடியிருப்பதால் ஊர்ப் பையன்களுக்கு மேடு பள்ளமெல்லாம் மனப்பாடம். அந்தக் கோடையில் யாரோ இயந்திரத்தை இறக்கி மண் அள்ளியிருந்தார்கள், உள்வாயில். மழை பெய்ததும் பள்ளமும் தரையும் ஒரே தண்ணீராகிவிட்டது. இடுப்பளவுதான் என்று சொல்லிக்கொண்டுதான் பையன்கள் இறங்கினார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கடைசிவரை பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான்: "எம்புள்ள காலு எதுலயாச்சும் பட்டிருக்குமா?" அதற்கு யார் பதில் சொல்வது?

நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காரங்காட்டுல கயாக் இருக்கு மாப்ள. வேணாம்னா நீ கரையில இரு, செருப்பைப் பாத்துக்க" என்றான். மதுரைக்காரனைக் கிளப்ப இதைவிட என்ன வேண்டும்.

ஆறாம் நாள் தேவிபட்டினம், ஏழாம் நாள் காரங்காடு. வழியில் ஒருவர் தெர்மாகோல் அட்டைகளை அடுக்கிக் கட்டி, அதன்மேல் குந்தி உட்கார்ந்து வலை போட்டுக்கொண்டிருந்தார். 2017இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோலை மிதக்கவிட்டபோது, வேலை பார்த்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. அதே சாமானில் ஒரு மனுஷன் சோறு சம்பாதிக்கிறார். போட்டோ எடுக்கக் கூச்சமாக இருந்தது.

காரங்காடு மீனவக் கிராமம். ஊரை ஒட்டி அலையாத்திக் காடு. வனத்துறை ஊர்க்காரர்களோடு சேர்ந்து இங்கே படகும் கயாக்கும் விடுகிறது. வடதுருவத்துப் பக்கம் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு கயாக். இங்கே இருப்பது பிளாஸ்டிக், மேலே உட்கார்ந்துகொள்ள வேண்டும். கட்டுமரம் என்ற சொல்லை இங்கிலீஷுக்குக் கொடுத்த கடற்கரையில் கயாக் ஏறுகிறோமே என்று நண்பனிடம் பெருமையாக ஆரம்பித்தேன். "லைஃப் ஜாக்கெட் பக்கிளைப் போடு மொதல்ல" என்றான்.

கூட வந்த அண்ணன் இரண்டே விஷயம் சொன்னார். வலது பக்கம் போட்டால் இடது பக்கம் திரும்பும். "மரத்தை மட்டும் பிடிச்சிராதீங்க தம்பி."

முதல் பத்து நிமிஷம் துடுப்பைப் பிடித்த கை விறைத்துக் கிடந்தது. பிறகு கால்வாய் குறுகி, இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து, சத்தமெல்லாம் அடங்கியது. தண்ணீர் பச்சை. கரை முழுக்கச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் மூச்சு விட வேரை வெளியே அனுப்புகிறது. பள்ளியில் படித்ததுதான். பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது.

ஒரு வளைவில் படகு கரைப்பக்கம் ஒதுங்கியது. கை தானாகப் போய்க் கிளையைப் பிடித்தது. பிடித்தால் உடம்பு நின்றுவிடும், படகு நிற்காது என்பது அப்புறம்தான் புரிந்தது.

உள்ளே இருந்தது இரண்டு நொடி இருக்கலாம். மூக்கில் உப்பு. கண்ணைத் திறந்தேனா இல்லையா தெரியாது, பச்சை மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஜாக்கெட் தலையை மேலே தூக்கிவிட்டது. காலை உதறினேன், கீழே எதுவும் இல்லை. மறுபடி உதறினேன். சேறு. கணுக்கால், பிறகு முழங்கால் வரை உள்ளே போய் அங்கே நின்றது. தண்ணீர் இடுப்புக்குச் சற்று மேலே.

அழுதேன். முகம் முழுக்கத் தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

படகு தள்ளிப் போய்விட்டது. கரை வழியாகத்தான் போய்ப் பிடிக்க வேண்டும். ஒரு காலை இழுத்தால் மறுகால் இறங்குகிறது. கடைசியில் நாலு காலில் தவழ்ந்தேன். சிப்பி ஓடு உள்ளங்கையைக் கிழித்தது. "வேரை மிதிக்காதீங்க, அதுக்கு அதுதான் மூக்கு" என்று அண்ணன் தூரத்திலிருந்து கத்தினார். முப்பதடி தூரம். எட்டு நாள் நடையில் இந்த முப்பதடியைத்தான் கால் இன்னும் மறக்கவில்லை.

"ஏறுறீங்களா, கரைக்கு விட்டுரவா?" என்றார். ஏறினேன். காட்டைத் தாண்டிக் கடல் திறந்தது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். அன்றைக்கு அலை என்று ஒன்றும் இல்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை எரிந்தது.

சாயந்தரம் அம்மாவுக்குப் போன் போட்டேன். கடல்ல படகுல போனேன் என்றேன். சத்தமே இல்லை. அப்புறம், கவுந்துருச்சும்மா, ஒண்ணும் ஆகல என்பதையும் சொல்லிவிட்டேன்.

"எம்புட்டு ஆழம்?"

"இடுப்பளவுதாம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. டிவி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதை யாரோ அணைத்தார்கள்.

"காலு பட்டுச்சாய்யா?"

"பட்டுச்சும்மா."

"நல்லாப் பட்டுச்சா?"

"முழங்கால் வரைக்கும் சேறும்மா. நல்லாப் பட்டுச்சு."

"சரி," என்றார் அம்மா. கொஞ்ச நேரம் இருவரும் போனை வைக்காமல் இருந்தோம்.