மயான காண்டம் கொப்பி இருக்குதா?

இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தவற்றைக் கணக்குச் சொல்லச் சொன்னால் நாங்கள் காணி உறுதி, தையல் மெசின், பசுமாடு, கலியாண அல்பம் என்று சொல்லுவோம். வீடியோ கசெற்றை ஒருவரும் சொல்வதில்லை. என் அம்மா மட்டும் அதையும் சேர்த்துச் சொல்லுவார். காங்கேசன்துறைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டு அலுமாரியில் 'மயான காண்டம்' கொப்பி ஒன்று இருந்தது. 1990 ஆனி மாதம் நாங்கள் வெளிக்கிட்டபோது அது அங்கேயே கிடந்துவிட்டது. பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது.

அரிச்சந்திரன் கதை எங்களில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது புத்தகத்தில் படித்த கதையல்ல. கோயில் வீதியில் பாய் விரித்து, கச்சான் கொறித்து, மடியில் தூங்கும் பிள்ளையோடு விடிய விடியப் பார்த்த கதை. இசை நாடகத்தில் பேச்சைவிடப் பாட்டுத்தான் கூட. ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் இருக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக நின்று பாடினால் அன்றைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியாது, எல்லோரும் கொட்டகையில்தான் என்று அம்மா சொல்லுவார். அவர் 1989 இல் காலமானார். அதற்கு அடுத்த வருடம் அவர் நடித்த ஊர்களும் காலியாகிவிட்டன.

ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கியது. தமிழ் நிகழ்ச்சி நேரங்களில் இடைக்கிடை மேடை நாடகங்களும் கூத்துகளும் போகும். டெக் வைத்திருந்த வீட்டுக்காரர் அதைப் பதிந்து வைப்பார்கள். பதிந்ததிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று கொப்பி பெருகும். ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் மங்கும். எங்கள் வீட்டுக் கொப்பியும் அப்படி வந்ததுதான்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோக் கேட்டோம். வசதி உள்ளவர்கள் ஜெனரேற்றரில் டெக் போட்டால் அரைக் கிராமமும் முற்றத்தில் இருக்கும். அப்போதும் ஓடியது இந்தியச் சினிமாப் படங்கள்தான். நாடகக் கொப்பி யாரிடமும் இருக்கவில்லை. 1995 ஐப்பசி இடப்பெயர்வோடு மிச்சமிருந்ததும் போயிற்று.

கலியாணம் முடித்து நான் களனிக்கு வந்தேன். போர் நிறுத்த காலத்தில் பாதை திறந்ததும் 2003 இல் அம்மாவை என்னோடு கூட்டிவந்தேன். வந்து ஒரு கிழமைக்குள் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, கொழும்பிலை மயான காண்டம் கொப்பி எடுக்கலாமே?" என்பதுதான்.

அண்ணா 1996 இல் காணாமல் போனவர். அதன் பிறகு அம்மா எதையும் விரும்பிக் கேட்டதை நான் அறியேன். ஆகவே தேடத் தொடங்கினேன்.

வெள்ளவத்தை காலி வீதியில் வீசிடிக் கடைகள் அப்போது நிறைய இருந்தன. புதுப்படம் வெளிவந்த மறுநாளே தட்டு கிடைக்கும். "அக்கா, மயான காண்டமா? யார் நடிச்ச படம்?" என்று ஒரு பெடியன் கேட்டான். இன்னொரு கடையில் பழைய 'ஹரிச்சந்திரா' திரைப்படத்தை எடுத்து நீட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் வயதானவர். "பிள்ளை, அதுக்குச் சனம் இல்லை, ஆரும் தட்டு அடிக்கமாட்டினம்" என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நூறு தட்டு விற்காத ஒன்றை யார் அடிப்பார்கள்? மேடையில் பாடியவருக்கு ஒரு ஊர், பதிந்தது ஒரு நிலையம், உரிமை யாரிடம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவிடம் 'சிங்கபாகு' இருந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1961 இல் மேடையேற்றிய பாட்டு நாடகம். ரீவியில் போனபோது அவருடைய கணவர் பதிந்து வைத்தது. ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். மகனின் அம்புக்கு முன்னால் சிங்கம் பாடும் இடத்தில் அந்த அக்கா அழுதார். மொழி விளங்காமலே அம்மாவும் அழுதார். வீட்டுக்கு வந்து, "அவையளிட்டை இருக்குது, எங்களிட்டை இல்லை" என்றார். பொறாமையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னார்.

கடைசியில் கொப்பி கிடைத்தது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம் இருந்த தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில். கட்டிலுக்குக் கீழே, பழைய சாறித் துணியில் சுற்றி. மேலே பேனையால் 'மயான காண்டம் – ரீவி' என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் அரை மணித்தியாலத்துக்கு மேல் யாரோ ஒரு பிறந்தநாள் விழாவைப் பதிந்திருந்தார்கள். கேக் வெட்டி முடிய, திடீரென்று சுடலை.

அம்மா பாட்டின் முதல் அடியிலேயே, "இது வைரமுத்தர் இல்லை" என்றார். எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சந்திரமதி பாம்பு கடித்த லோகிதாசனைத் தனியே தூக்கிக்கொண்டு வருகிறாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன், தன் மனைவி என்று தெரியாமல், கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான். அவளிடம் ஒன்றுமில்லை. படம் கோடு கோடாக ஓடியது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

அம்மா கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோக ஒரு சுடலையாவது கிடைச்சுது" என்றார். அண்ணாவைப் பற்றி ஏழு வருடத்தில் அவர் வாய் திறந்தது அன்றுதான். அன்றிரவு முழுக்கக் கதைத்தார். அண்ணாவுக்குப் பிடித்த கறி, சைக்கிள், கடைசி நாள் போட்டிருந்த சேட்டின் நிறம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொந்தக் கதையைச் சொல்லி அழ எங்களில் பலருக்கு இடமில்லை. சந்திரமதிக்காக அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இப்படித் தொலைவது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1957 மார்ச் 31 இல் 'சிண்டரெல்லா' என்ற பாட்டு நாடகத்தைத் தொலைக்காட்சிக்கென்றே எழுதி, ஜூலி அன்ட்ரூஸ் நடிக்க, நேரடியாக வண்ணத்தில் காட்டினார்கள். பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த வண்ணக் காட்சி இன்று இல்லை. திரைக்கு முன்னால் கமெராவை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள்தான் மிஞ்சியது. அது டிவிடியாக வீடுகளுக்கு வர 2004 ஆயிற்று. பணமுள்ள நாட்டிலேயே 47 வருடம்! ஆனால் அவர்களுடைய சுருள் ஒரு களஞ்சியத்தில் இருந்தது. எங்களுடையது கட்டிலுக்குக் கீழே.

அம்மா 2011 இல் காலமானார். கொப்பியை என் மகன் கணினியில் ஏற்றித் தந்தான். இப்போது யூரியூப்பில் தேடினால் இசை நாடகத் துண்டுகள் சில வருகின்றன. அவற்றையும் ஏற்றியது பெரும்பாலும் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்தான். உங்கள் வீட்டிலோ, வெளிநாட்டுச் சகோதரர் வீட்டிலோ பழைய கசெற் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். டெக் செய்த கடைசிப் பெரிய கம்பனியும் 2016 இல் நிறுத்திவிட்டது. ஓடும் டெக் கிடைப்பதே கஷ்டம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் டெக்கில் போடாதீர்கள், நாடாவும் அறும், டெக்கும் பழுதாகும். வேலை தெரிந்தவரிடம் துப்புரவாக்கக் கொடுங்கள். கசெற்றைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில், ஸ்பீக்கருக்குத் தள்ளி வையுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் புத்தகங்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஆவணகம் என்ற இணையத்தளத்தில் சேர்த்து வருகிறது. அவர்களோடு தொடர்புகொள்ளலாம்.

கொப்பியின் மேல் நடித்தவர் பெயர், ஊர், ஆண்டு தெரிந்தால் எழுதிவிடுங்கள். எங்களுடையதில் ஒன்றும் இல்லை. பெயர் வரும் இடத்தில்தான் கேக் வெட்டுகிறார்கள். சந்திரமதியாகப் பாடியவர் ஒல்லியானவர், குரல் கொஞ்சம் கரகரப்பு, பிள்ளையைக் கீழே வளர்த்தும்போது சேலைத் தலைப்பால் ஈ விரட்டுவார். எண்பதுகளில் அவரைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.