இருவழி ஓடும் நதியில் ஒரு வசந்தகாலை

ஆறு என்பது மலையிற் பிறந்து கடலை நோக்கி ஒரே திசையில் ஓடுவது என்றுதான் நாம் பாடசாலையிற் படித்திருக்கிறோம். அமெரிக்காவின் ஹட்சன் நதிக்கு இந்தப் பாடம் முழுவதும் பொருந்தாது. நியூயோர்க் துறைமுகத்திலிருந்து வடக்கே 150 மைலுக்கு மேல், ட்ரோய் நகரத்து அணைக்கட்டு வரையில், கடலின் வற்றும் பெருக்கும் அந்நதியை ஆள்கின்றன. சில மணி நேரம் கீழ்நோக்கி ஓடிய நீர் சற்றே தயங்கி நின்று, பின்பு மலையை நோக்கித் திரும்பி ஓடுகிறது. அதன் கரையில் வாழ்ந்த ஆதிக்குடிகள் அதற்கு இட்டிருந்த பெயருக்கு 'இருவழியும் ஓடும் நீர்' என்பதே பொருள் என்பர்.

வசந்தகாலத்தில் இந்த நதியில் ஏறிவரும் ஒரு மீனைக் காணவே, மே மாதத்துக் காலையொன்றில் நாம் நியூயோர்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திற் புகைவண்டி ஏறினோம். இருப்புப்பாதை நதியின் கிழக்குக் கரையை ஒட்டியே செல்கிறது. இடப்புறத்து ஜன்னலருகே இடம் பிடித்தவர் பாக்கியசாலி! ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கோல்ட் ஸ்பிரிங் என்னும் சிற்றூரை அடைந்தோம். எதிர்க்கரையில் ஸ்டோம் கிங் மலை நீரிலிருந்தே செங்குத்தாக எழுந்து நிற்கிறது. வீட்டு முற்றங்களில் லைலாக் மலர்கள் ஊதா நிறத்திற் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. லைலாக் பூத்தாற் பெரிய மீன் வந்துவிட்டது என்பது இக்கரையாரின் பஞ்சாங்கம்.

துறையில் எமக்காகக் காத்திருந்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தூண்டிற்காரர். எம்மோடு வந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனை முதலில் வள்ளத்தில் ஏற்றி, மிதவைச் சட்டையை அணிவித்துவிட்டே எம்மை அழைத்தார்.

நாம் காணச் சென்ற மீனை 'வரிப் பாஸ்' எனலாம். வெள்ளி போன்ற உடலில், செவுளிலிருந்து வால் வரையில், ஏழு எட்டுக் கரிய வரிகள் கோடு கிழித்தாற்போல் ஓடுகின்றன. அத்திலாந்திக் கடலில் வளரும் இம்மீன், முட்டையிடுவதற்கு மட்டும் நன்னீரைத் தேடி ஆற்றில் ஏறுகிறது. நம் சூடை, சாளை மீன்களுக்கு உறவான ஹெரிங் மீன்களும் அக்காலத்திலேயே ஓடைகளை நாடி வருகின்றன. அவற்றை விழுங்கக் காத்திருக்கும் வரிப் பாஸ், ஓடை வாய்களில் மறைந்து நிற்கும். எமது வள்ளமும் அத்தகைய ஓடை வாயொன்றின் அருகே நங்கூரமிட்டது.

முதியவர் கையிலிருந்தது ஈத்தூண்டில். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே கயிற்றை இழுத்துச் செல்லும். இதிலோ இரையாகக் கட்டப்படும் பொய்ப்பூச்சிக்குப் பாரமே இல்லை. தடித்த கயிறுதான் பாரம். ஒன்பதடிக் கோலைப் பின்னும் முன்னும் வீச, கயிறு வானத்தில் வளையமிட்டு விரிந்து, பொய் இரையைத் தூரத்திற் கொண்டுபோய் மெல்ல வைக்கிறது. 'ஈ' என்பது பெயரளவில்தான். மான்வால் மயிரைக் கொளுவியிற் சுற்றிக் கட்டிய அது, நீரில் நனைந்ததும் ஒரு குட்டி ஹெரிங் போலவே துடிக்கிறது.

"மீன் கடித்ததும் கோலை உயர்த்தாதே, தம்பி. கையாற் கயிற்றை நேராக இழு. கோலை உயர்த்தினால் இரை வாயிலிருந்து கழன்றுவிடும்" என்று சிறுவனுக்குக் கற்பித்தார். கலங்கிய நீரும் வேகமான ஓட்டமும் இந்த வித்தைக்கு எதிரிகள். ஒரு மணி நேரம் சென்றது; இரண்டு மணி நேரம் சென்றது. மீன் ஒன்றும் அசையவில்லை.

அந்த இடைவேளையில் அவர் எதிரே நின்ற மலையின் கதையைச் சொன்னார். 1962இல் அம்மலையிற் பெரியதொரு மின்நிலையம் அமைக்கத் திட்டம் எழுந்தது. நதிநீரை மலைமேல் ஏற்றி, மின்சாரம் வேண்டியபோது கீழே விடுவது அதன் முறை. வரிப் பாஸின் முட்டைகளோ நீரோட்டத்தில் மிதந்து திரிந்து இரண்டு மூன்று நாட்களிற் பொரிப்பவை. இயந்திரம் நீரை உறிஞ்சும்போது முட்டையும் குஞ்சும் அதனோடு போய்விடும். ஊர் மக்கள் வழக்காடினர். இயற்கையழகைக் காக்க விரும்பும் குடிமக்களும் நீதிமன்றத்தை நாடலாம் என்று 1965இல் தீர்ப்புக் கிடைத்தது. 1980இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நியூயோர்க் நகரில் நதியோரத்தை நிரப்பிப் பெருந்தெரு அமைக்கும் வெஸ்ட்வே திட்டமும் 1985இல் விழுந்தது. அங்குள்ள பழைய துறைமேடைகளின் கீழேதான் இளம் வரிப் பாஸ்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதே வழக்கின் உயிர்நாடி.

"அப்படியானால் மீன் வென்றுவிட்டதே!" என்றான் சிறுவன்.

முதியவர் சிரிக்கவில்லை. "மீன் வென்றது, என் தந்தையார் தோற்றார்" என்றார். அவர் தந்தையார் இந்நதியில் வலை வீசிப் பிழைத்தவர். மேல்நதிக் கரையில் இருந்த இரண்டு தொழிற்சாலைகள் 1947 முதல் 1977 வரையில் பீ.சீ.பீ. என்னும் நச்சு இரசாயனத்தை ஆற்றில் விட்டன. அது மீனின் கொழுப்பிற் சேர்ந்தது. 1976இல் வரிப் பாஸைப் பிடித்து விற்பது இந்நதியில் தடுக்கப்பட்டது. நச்சுச் சேற்றை அள்ளும் வேலை 2009 முதல் 2015 வரையில் நடந்தது. இன்றும் இந்நதி மீனை உண்பதற்குச் சுகாதார இலாகா வரம்பு விதித்திருக்கிறது. குழந்தைகளுக்கும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கும் அதன் எச்சரிக்கை மிகக் கடுமையானது. "தந்தையார் வலையை விற்கவில்லை. கொட்டிலிற் தொங்கவிட்டார். அது அங்கேயே இற்றுப்போயிற்று" என்று கூறி, முதியவர் மறுபடியும் கோலை வீசினார்.

நதி திரும்பும் நேரம் வந்தது. நீர் ஒரு கணம் கண்ணாடிபோல் அசைவற்று நின்றது. அப்போதுதான் கயிறு இறுகிற்று! முதியவர் இடக்கையாற் சட்டென்று இழுத்தார். கோல் வில்லாக வளைந்தது. சுருளிலிருந்து கயிறு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடிற்று. கால் மணி நேரப் போராட்டத்தின் பின் அந்த மீன் வள்ளத்தருகே சாய்ந்தது. கையை நனைத்துக்கொண்டு அதன் கீழுதட்டைப் பற்றி அளந்தார்: 36 அங்குலம். வயிறு நிறைந்த சூல்மீன்.

2024இல் வந்த விதிப்படி இந்நதியில் 23 முதல் 28 அங்குலம் வரையுள்ள மீன் ஒன்றையே ஒரு நாளில் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். பெரிய தாய்மீன்களை விட்டுவிட வேண்டும். அவற்றுள் ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். இத்தனை இடுபவளைக் காக்கவும் காரணம் உண்டு. இவ்வின மீன்களின் மிகப் பெரிய பிறப்பிடமான செசபீக் குடாவில், மேரிலாந்து அரசினர் 1954 முதல் குஞ்சுகளை எண்ணி வருகின்றனர். 2019 முதல் 2025 வரையில் ஒவ்வோர் ஆண்டும் அத்தொகை சராசரிக்கு வெகுவாகக் கீழே நின்றது.

"நீயே விடு" என்று முதியவர் சிறுவனை அழைத்தார். அவன் இரு கைகளாலும் மீனைத் தாங்கி, அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தான். செவுள்கள் மெல்லத் திறந்து மூடின. ஒரு நிமிடம் கழிந்தது. திடீரென வால் ஓர் அடி அடித்தது. சிறுவனின் முகமெல்லாம் நீர்! வரிகள் பச்சை நீரில் மங்கி மறைந்தன.

மாலை வண்டியில் வெறுங்கையோடு திரும்பினோம். சிறுவன் நெடுநேரம் ஜன்னல் வழியே பார்த்திருந்துவிட்டு, "அந்தப் பெரியவர் ஏன் இன்னும் தூண்டில் போடுகிறார்? உண்பதுமில்லை, விற்பதுமில்லையே" என்று கேட்டான். நாம் உடனே விடை கூறவில்லை. தந்தையின் தொழிலை இழந்தவர், தந்தையின் நதியை இழக்க விரும்பவில்லை போலும். ஆண்டுதோறும் மீன் திரும்பி வருகிறதா என்று பார்க்க யாரேனும் ஒருவர் கரையில் இருக்க வேண்டுமல்லவா?

வெளியே இருளில் நதி மலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.