மிங்க் கோட்டின் பிறந்த வீடு

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். மேல்நாட்டுச் சீமாட்டி ஒருத்தி மோட்டாரிலிருந்து இறங்குவாள். தோளிலிருந்து முழங்கால் வரை பளபளவென்று ஒரு ரோமக் கோட்டு! "அடேயப்பா, என்ன விலை இருக்கும்!" என்று பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டுமிருப்பீர்கள். விலை கிடக்கட்டும். அந்தக் கோட்டுக்குப் பிறந்த வீடு எது என்று பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள். டிக்கெட்டும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம்.

டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் ரயில் ஏறுகிறோம். வழியில் கடல் குறுக்கிடுகிறது. ரயில் சளைக்கவில்லை. முதலில் கடலுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைகிறது. நடுவிலுள்ள சின்னத் தீவில் தலையை நீட்டிவிட்டு, மீதிக் கடலைப் பாலத்தின் மேல் கடக்கிறது. கடற்கன்னிக் கதையை எழுதிய ஆண்டர்ஸன் பிறந்த ஓடென்ஸ் நகரமும் வழியில்தான். அதையும் தாண்டினால் யூட்லாந்து தீபகற்பம். அதன் வடகோடியில், ஸ்கேகன் என்னும் ஊருக்கு அப்பால், இரண்டு கடல்கள் கூடுகின்றன. அலைகள் எதிரும் புதிருமாக வந்து மோதும் அந்த மணல்முனையில் நின்றால் நமக்குக் கன்னியாகுமரி ஞாபகம் வராமல் போகாது.

பசுமையான வயல்கள், சிவப்பு ஓட்டு வீடுகள், காற்றாடி யந்திரங்கள். இவற்றுக்கிடையே நீளநீளமான தாழ்ந்த கொட்டகைகள். பக்கச் சுவர் இல்லாமல், கூரை மட்டும் போட்டவை. 2020-ஆம் வருஷம் வரை இந்தத் தேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மிங்க் பண்ணைகள் இருந்தன. வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல் தோல்கள் இங்கிருந்து ஏலத்துக்குப் போயின.

மிங்க் நம் ஊர்க் கீரிப்பிள்ளையைப் போல நீண்டு மெலிந்த பிராணி. காட்டில் அது ஆற்றங்கரைவாசி. தனியாகத் திரியும், தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். பண்ணையில் அதற்குக் கிடைத்தது கம்பிக் கூண்டு. நீளம் ஏறக்குறைய மூன்றடி, அகலம் ஓரடி, உயரம் ஒன்றரை அடி. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் அரைத்த கூழைக் கூண்டின் மேல் அப்புவார்கள். சித்திரை, வைகாசியில் குட்டி பிறக்கும். நவம்பரில் குளிருக்காக ரோமம் அடர்த்தியாகும். அதுதான் அறுவடைக் காலம். தோலில் கீறல் விழக் கூடாதல்லவா? பெட்டியில் போட்டு விஷவாயுவைச் செலுத்துவார்கள். ஒரு முழுநீளக் கோட்டுக்கு ஐம்பது அறுபது பிராணிகள் வேண்டும்.

"கூண்டிலே பிறந்த பிராணிக்கு ஆறும் குளமும் எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் சிலர் இதைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். பண்ணை மிங்க்குகளுக்குப் பொம்மை, கூடுதல் கூடு, தண்ணீர்த் தொட்டி என்று பல வசதிகளைத் தனித்தனி அறையில் வைத்து, கதவுகளின் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். அவை அதிகப் பாடுபட்டுத் தள்ளியது தண்ணீர்த் தொட்டியின் கதவை! தொட்டியை அடைத்துவிட்டபோது, உணவை நிறுத்தினால் எவ்வளவு தவிக்குமோ அவ்வளவு தவித்தன. நீந்தும் ஆசை கூண்டில் பிறந்தாலும் போவதில்லை.

2020-இல் கொரோனா வந்தது. மனிதர்களிடமிருந்து மிங்க்குகளுக்குத் தொற்றி, அங்கே உருமாறி, மறுபடி மனிதர்களிடம் திரும்பியது. நவம்பர் 4-ஆம் தேதி, தேசத்திலுள்ள எல்லா மிங்க்குகளையும் கொன்றுவிட வேண்டும் என்று பிரதம மந்திரி மெட்டே ஃபிரெடரிக்ஸன் அறிவித்தார். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட உயிர்கள்! நோயில்லாத பண்ணைகளிலும் கொல்லச் சொல்லச் சர்க்காருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விவசாய மந்திரி ராஜிநாமாச் செய்தார். அவசரமாகப் புதைத்த உடல்கள் உள்ளே வாயு சேர்ந்து மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. அடுத்த வருஷம் சுமார் 40 லட்சம் உடல்களைத் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

பண்ணைக்காரர்களின் கண்ணீர் பொய்யல்ல. தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சம் ஒரே வாரத்தில் அழிந்தது. சர்க்கார் 1,900 கோடி க்ரோனர் வரை நஷ்ட ஈடு ஒதுக்கியது. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உலகமே பதறிய அந்த நவம்பரில், கொரோனா வராமல் இருந்திருந்தாலும், அந்தப் பிராணிகளில் பெரும்பாலானவை அதே வாயுவால்தான் மாண்டிருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும் அப்படித்தான் மாண்டன. வித்தியாசம், மற்ற வருஷங்களில் யாரும் படம் பிடித்துக் காட்டவில்லை.

2023 முதல் மறுபடி வளர்க்க அனுமதி கிடைத்தும், திரும்பி வந்த பண்ணைகள் மிகச் சொற்பம். பிரிட்டனோ பொது ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்ற காரணத்துக்காகவே 2000-இல் ரோமப் பண்ணைகளைத் தடுக்கச் சட்டம் செய்தது. நம் நாடு 2017-இல் மிங்க், நரி, சின்ச்சில்லாத் தோல்களின் இறக்குமதியைத் தடை செய்தது.

"அப்படியானால் பட்டுப் புடவை?" என்று உங்களில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டியதுதான். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள், உள்ளே உயிரோடு இருக்கும் புழுவோடு, வெப்பத்தில் போகின்றன. புழுவின் வேதனையும் மிங்க்கின் வேதனையும் ஒரே அளவா என்று வாதிக்கலாம். ஆனால் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு வாதிப்பதுதான் நேர்மை. பட்டுப் பூச்சி வெளியே போன பிறகு நூற்கும் பட்டும் இப்போது கிடைக்கிறது.

மிங்க் கோட்டு நம் ஊர் வெயிலுக்கு வேண்டியதில்லை. ஆனால் டொராண்டோவிலுள்ள மகள் வாங்கித் தரும் குளிர்ச் சட்டையின் கழுத்தில் ரோம விளிம்பு இருக்கலாம். விரலால் ரோமத்தை விலக்கி அடியைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் செயற்கை. தோல் தெரிந்தால் அது ஒரு பிராணியின் மேல் வளர்ந்தது. வேண்டுமா வேண்டாமா என்பதைக் கடையிலேயே மகளிடம் சொல்லிவிடலாம்.